வவ்வாலின் வலது காது

பல் செட் தயாரிக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் மேடம் என்றார்கள். அண்ணனுக்கு அவள் பாப்பா. கணவருக்கு "இந்தாம்மா". வெளியூரில் படிக்கும் மகளுக்கு, தேவையின் அவசரத்தைப் பொறுத்து "அம்மா" அல்லது "ம்மா". ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இத்தனை பெயர்கள் போதும்தான். ஆனாலும் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. கல்லூரி நாட்களில் அப்பாவின் பழைய குடையைப் பிரித்து, அந்தக் கறுப்புத் துணியைச் சட்டையின் தோளோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு பேய்ப்பாட்டு என்று வீட்டார் திட்டிய ராக் கச்சேரிக்குப் போனவள் அவள். கூட்டத்தின் நடுவே இரண்டு கைகளையும் விரித்தபோது யாரோ "ஏய், வவ்வால்" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். கூப்பிட ஆளில்லை என்பதற்காகப் பெயர் இல்லாமல் போய்விடுமா? நாமாவது அவளை வவ்வால் என்றே கூப்பிடுவோம்.

அவளுக்குக் காது மந்தமாகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கணவர். அவருக்கு நகரத்தின் தண்ணீர்த் துறையில் வேலை. தெருவில் ஒரு நீளக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தெருவின் சத்தத்தை வடிகட்டிக் கேட்கிற மனிதர். வீட்டில் அவருக்கு வேண்டியதெல்லாம் அமைதி. டீயைக்கூட உறிஞ்ச மாட்டார்.

"துணி துவைக்கிற மெஷின் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சுபோச்சு. நீ பக்கத்துலயே நிக்கிற. உனக்குக் கேக்கலையா?" என்றார் ஒரு நாள்.

"அது எங்க கூப்பிட்டுச்சு?"

மறுநாளே அவர் அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர், வவ்வாலைவிடச் சின்னவர், பரிசோதனைக் காகிதத்தை மேசைமேல் திருப்பிக் காட்டினார். இரண்டு கோடுகள் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், பிறகு கீழே இறங்கின. இடது காதின் கோடு படியிறங்குவது போல் இறங்கியது. வலது காதின் கோடு மாடியிலிருந்து தவறி விழுந்தது போல் இருந்தது.

"கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் உங்களுக்குக் குறையுது. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். பல் கடைவது, பாலீஷ் போடுவது, அதற்கெல்லாம் காற்றழுத்தம் தரப் பக்கத்தில் ஓடுகிற கம்ப்ரெஸர்.

"கம்ப்ரெஸர் எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்."

டாக்டர் பேனாவால் வலது கோட்டைத் தட்டினார்.

வவ்வால் மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனாள். கம்ப்ரெஸரைக் கூடத்துக்கு வெளியே மாற்றுங்கள், எல்லோருக்கும் காதுக் கவசம் வாங்கிக் கொடுங்கள், இவ்வளவுதான் கேட்டாள். முதலாளி கெட்டவர் இல்லை. யாரையும் திட்டமாட்டார். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்வார், அதுதான் அவரிடம் கஷ்டம்.

"மேடம், சின்ன வயசுல குடையெல்லாம் கிழிச்சு மாட்டிக்கிட்டு ராக் கச்சேரிக்குப் போவேன்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்பீக்கர் முன்னாடியே நிப்பேன்னு சொன்னீங்க. அங்க போன காதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

ஒரு பிரிவுபசார விருந்தில், எல்லோரும் சிரிக்கட்டும் என்று அவளே சொன்ன கதை அது. இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது.

அண்ணன் போனில் அதையே வேறு குரலில் சொன்னார். "அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன் பாப்பா. அந்தப் பேய்க் கத்தலைக் கேக்காதே, காது போயிடும்னு. நல்ல பாட்டா கேட்டிருந்தா இப்படி ஆகுமா?"

"நல்ல பாட்டைச் சத்தமா வச்சா காது போகாதாண்ணே?"

"இந்த வயசுலயும் உன் வாய் மட்டும் குறையலை," என்று அண்ணன் போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் வவ்வால் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே அவளுடைய கேசட்டுகள். மண்டை ஓடு, சவப்பெட்டி, நிலா, தலைவிரிகோலமான பெண், உடைந்த பாட்டிலைப் பிடித்த கை என்று ஒவ்வொரு அட்டையிலும் ஏதாவது ஒரு பயங்கரம். கல்யாணமான புதிதில் கட்டிவைத்தவள், அதற்குப்பின் பிரிக்கவே இல்லை. பிள்ளை தூங்குகிறது, மாமியார் படுத்திருக்கிறார், கணவருக்குச் சத்தம் பிடிக்காது என்று காரணங்கள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தன.

கணவர் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். "என்ன இது?"

"என் காதைக் கெடுத்தது இதுங்கதான்னு ஊரே சொல்லுது. ஒவ்வொண்ணா கூப்பிட்டு விசாரிக்கப் போறேன்."

"காதை வச்சுக்கிட்டு விளையாடாதே."

"ஹெட்ஃபோன் போட மாட்டேன். சத்தம் நீங்க சொல்ற அளவுதான். ஆனா கேக்கத்தான் போறேன்."

மகளின் பாட்டு வகுப்புக்கென்று வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்று வீட்டில் இருந்தது. உள்ளே தளர்ந்துபோன ரப்பர் வாரைக் கணவரே மாற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, செய்தித்தாளோடு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் வந்தது 'பிணவறைப் பையன்கள்'. ஒரு காலத்தில் இந்தக் கேசட்டின் ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோடாலி, கிணறு, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன். தோழிகளோடு தொண்டை கிழியப் பாடியிருக்கிறாள். இப்போது முதல் பக்கம் முடிவதற்குள் அதை நிறுத்த அவளுக்குக் கை அரித்தது. பாட்டுக்குப் பாட்டு ஒரு பெண் செத்தாள். ஒருத்திக்குக்கூட ஒரு வரி பேச வாய்ப்புத் தரப்படவில்லை. அவள் மகளுக்கு இப்போது அந்தப் பாட்டில் வருகிற பெண்களின் வயது.

டேப்பை நிறுத்தி வெளியே எடுத்தாள். கதவு திறந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, விசாரணை முடிஞ்சுதா?"

"இவனுங்க பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பொண்ணுங்க பேச மாட்டேன்னு சொன்னதுக்கு அழுவுற பசங்க. இதைப் போய் எப்படிக் கேட்டேன்?"

"எல்லாரும் கேட்டிருப்பாங்க, நீயும் கேட்டிருப்ப," என்றார் அவர்.

அந்தக் கேசட் குப்பைக்கூடைக்குப் போனது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அண்ணன் சொன்னதால் தூக்கிப் போடுவது வேறு, தானே கேட்டுப் பார்த்துத் தூக்கிப் போடுவது வேறு.

அடுத்த நாள் 'உடைந்த ஜன்னல்'. பங்க் ராக் பாடும் கூட்டம். வீட்டுக்காரன், போலீஸ், ஃபாக்டரி மேஸ்திரி என்று ஆளுக்கொரு பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு தும்மல் நீளம். அவள் நினைவில் அது இடியும் மின்னலுமாக இருந்தது. இப்போது கேட்டால் டிரம்ஸ் தறிகெட்டு முன்னால் ஓட, பாடுகிறவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துரத்துவது போல் இருந்தது. கிடாரில் ஒரு தந்தி சுருதி சேரவே இல்லை. வவ்வாலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள், மேஸ்திரிப் பாட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தம் குறைவாகத்தான் வைத்திருந்தாள். சத்தத்தைக் குறைத்ததால் கோபம் குறையவில்லை. 'சிரிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காதே' என்று அந்தப் பையன் அபசுரமாகக் கத்தினான். அவளுக்கு முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. தானும் அந்த அறையில், இல்லை என்ற பதிலைக் கேட்ட பிறகும், பல்லைக் காட்டிக்கொண்டே வெளியே வந்தது ஞாபகம் வந்தது. கன்னம் சுட்டது.

கடைசியாக ஞாயிறு மதியத்துக்கென்று வைத்திருந்தது 'கோரைப்பல்'. மூன்று பெண்கள். அட்டையில் மூவரும் சமாதிக் கல்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செத்துப்போன ஒருத்தியின் கதையை அந்தக் கேசட் முழுக்கப் பாடியிருந்தார்கள். வீட்டார் அவளைப் புதைக்கிறார்கள், அவள் திரும்பி வருகிறாள். மறுபடி புதைக்கிறார்கள், மறுபடி வருகிறாள். இளவயதில் வவ்வாலுக்கு அதில் பிடித்தது அந்த அலறல்தான். மயிர்க்கூச்செறியும். இப்போதும் கூச்செறிந்தது. ஆனால் இடையில் வந்த வரிகளை அவள் இப்போதுதான் கேட்டாள். திரும்பி வந்தவள் யாருடைய ரத்தத்தையும் குடிக்கவில்லை. சமையலறையில் நின்று, ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேளுங்கள் என்கிறாள். 'ஆணி அடிக்கிறவரே, கொஞ்சம் நிறுத்தும், நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.' இதைப் பாடியவர்களுக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்காது. எப்படித் தெரிந்தது அவர்களுக்கு?

கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு சாவிக்கொத்து குலுங்கும். வவ்வாலுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அலறல் ஓய்ந்து, இசை ஓய்ந்து, சாவிச் சத்தம் மட்டும். அதற்காகக் காத்திருந்தாள். டேப் ஓடியது. ஒன்றும் வரவில்லை. திருப்பிப் போட்டாள். டேப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. மூன்றாவது முறை போட்டபோது அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"என்னங்க, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

கணவர் வந்தார். "கடைசியில சாவி குலுங்கணும். எனக்குக் கேக்கலை," என்றாள் அவள். சத்தமே ஆகாத அந்த மனிதர், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தெருவில் கம்பிக்குக் காதைக் கொடுப்பது போல ஸ்பீக்கரின் வலைமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அலறலுக்கு முகம் சுளித்தார். ஆனால் நகரவில்லை. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் தட்டினார்.

"இப்ப. சாவி. மெல்லிசா குலுங்குது. நின்னுடுச்சு. மறுபடியும். இப்ப ஒரு பூட்டு. ஒரு கதவு திறக்குது, கீல்ல எண்ணெய் இல்லை."

"கதவா? கதவு எதுவும் கிடையாதே."

"இருக்கு. கேளு."

திருப்பிப் போட்டார்கள். சாவி அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் விரல் தட்டி நின்ற இடத்துக்குப் பின்னால், அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு கதவு திறந்தது. தடித்த சத்தம். அது அவளுக்குக் கேட்டது. இத்தனை காலமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அன்றெல்லாம் சாவி குலுங்கியதுமே எல்லோரும் கூச்சல் போடத் தொடங்கியதால் யாரும் கவனிக்கவில்லை.

"சாவி அவகிட்டதான் இருந்திருக்கு. அப்ப அவ வெளிய போயிட்டா," என்றாள் வவ்வால். "நான் இத்தனை நாளா அவ உள்ள வர்றான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கணவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "டேப்பும் தேஞ்சிருக்கும்மா. உன் காதும் அதே இடத்துலதான் தேஞ்சிருக்கு. ரெண்டு பேரும் நல்ல ஜோடி." பிறகு எழுந்துகொண்டே கேட்டார். "அந்தம்மா எதுக்கு அவ்வளவு கத்துறாங்க?"

"மெதுவா சொன்னப்ப யாரும் கேக்கலை. அதுக்குத்தான்."

திங்கட்கிழமை காலை அவள் டேப் ரிக்கார்டரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கூடத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். வவ்வால் பல் செட்டுகளைக் கடைந்து வடிவுக்குக் கொண்டுவருவாள். மூலையில் மெழுகுக்காரர், எல்லோரையும்விட மூத்தவர், மெழுகில் ஈறு செதுக்குவார். ஜன்னலோரம் பாலீஷ் போடும் அம்மா, இரண்டு பிள்ளைகளின் தாய், சுழலும் சக்கரத்தின் முன் நாள் முழுக்க நிற்பார். வவ்வால் டேப் ரிக்கார்டரைத் தன் மேசையில் வைத்து, கோரைப்பல்லின் கடைசிப் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகினாள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். வலது பக்கம் கம்ப்ரெஸர் இரைந்தது. பாட்டு முடிய முடியத் திருப்பிப் போட்டாள். மெழுகுக்காரர் பெட்டியைப் பார்த்தார், உள்ளே கேசட் சுழல்வதைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு குனிந்தார்.

முதலாளி ஒரு தட்டில் சுண்ணாம்பில் வார்த்த தாடை அச்சுகளை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். வழக்கம்போல அவள் முகத்துக்கருகே வந்து இரைந்தார். "இந்தக் கீழ்த்தாடை இன்னைக்கே வேணும் மேடம். பல் டாக்டர் அவசரப்படுத்துறார்."

வவ்வால் எழுந்தாள். பாலீஷ் அம்மாவுக்குக் கை காட்டினாள். சக்கரம் நின்றது. கம்ப்ரெஸரின் ஸ்விட்சை அணைத்தாள்.

கூடம் முழுக்க ஒரு பெண்ணின் அலறல் நிறைந்து நின்றது.

முதலாளியின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. ஒரு கீழ்த்தாடை தரையில் விழுந்து இரண்டாகப் போனது. "என்ன இது? யாரு?" என்று சுவரையெல்லாம் பார்த்தார்.

"பாட்டுங்க. ராக் பாட்டு."

"இப்ப எதுக்கு இதைப் போட்டீங்க?"

"இப்பப் போடலை. காலையிலேர்ந்து இதே சத்தத்துல பாடிக்கிட்டிருக்கு. நீங்க உள்ள வந்தப்பவும், என்கிட்ட பேசினப்பவும் பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். கம்ப்ரெஸரைப் பார்த்தார்.

"என் காதைக் கெடுத்தது இதுன்னு சொன்னீங்க. இதை முழுங்கி ஏப்பம் விட்டுக்கிட்டு ஒண்ணு நிக்குதே, அது பத்து வருஷத்துக்கு மேல எனக்கு வலது பக்கத்துல நிக்குது. எனக்கு ரொம்பப் போனதும் வலது காதுதான். கச்சேரியில ஸ்பீக்கர் ரெண்டு பக்கமும் இருக்குங்க."

முதலாளியின் சிரிப்பு பாதி வந்து நின்றுவிட்டது. "இது வேலை செய்யிற இடம் மேடம். இன்னொரு தடவை இந்தப் பெட்டி உள்ள வந்தா நல்லா இருக்காது."

"கம்ப்ரெஸர் வெளிய போகட்டும். பெட்டி வராது."

அவர் போய்விட்டார். வவ்வால் டேப்பை நிறுத்தினாள். ஸ்விட்சை மறுபடி போட அவளுக்குக் கை எழவில்லை. பாலீஷ் அம்மாதான் வந்து போட்டார். போடும் முன், தன் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் மேடம். பசங்க ஸ்கூல்ல நடந்ததைச் சொன்னா பாதிதான் விளங்குது. வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை," என்றார்.

மறுநாள் பெட்டி வரவில்லை. ஆனால் முதலாளி வந்து பேசியபோது வவ்வால் கையைக் காதருகே குவித்து, "கேக்கலைங்க" என்றாள். அவர் இரைந்தார். "கேக்கலைங்க." கம்ப்ரெஸரை அணைத்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க" என்றாள். அதற்கடுத்த நாள் பாலீஷ் அம்மாவுக்கும் கேட்கவில்லை. யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாத மெழுகுக்காரரும் வாரக் கடைசியில், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "மன்னிக்கணும், கேக்கலைங்க" என்றார். முதலாளி ஒவ்வொரு முறையும் கம்ப்ரெஸர் அணைகிறவரை காத்து நிற்க வேண்டியதாயிற்று. வேலை தேங்கியது. பல் டாக்டர்கள் போன் செய்து கேட்டார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் இரண்டு ஆட்கள் வந்து பின்சுவரில் துளை போட்டு, குழாயை இழுத்து, கம்ப்ரெஸரை வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். காதுக் கவசங்களும் வந்தன. முதலாளி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வவ்வாலுக்கென்று எல்லோரும் நினைத்திருந்த மேற்பார்வையாளர் பதவி மெழுகுக்காரருக்குப் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"நான் கேக்கலை மேடம். அவராத்தான் கொடுத்தார். உங்களுக்கு வரவேண்டியது."

வவ்வாலுக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை ஓங்கி வைக்கத்தான் போகிறாள். ஆனாலும், கிடைத்ததையும் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மறுபடியும் இதையேதான் செய்வோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வச்சுக்கோங்கண்ணே. எனக்குக் கீழ வேலை பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கும்."

அவர் சிரித்தார். போகாமல் நின்றார். மதிய இடைவேளை. பாலீஷ் அம்மா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். கூடத்தில் மின்விசிறியின் சத்தம் தனியாகக் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் மெழுகுக்காரர். "அந்தம்மா கத்தினாங்களே, பாட்டுல. அதுக்கு முன்கூட்டி ஏதாவது பயிற்சி உண்டா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"நான் கத்தினதே இல்லை. சின்ன வயசுல அப்பா இருந்தார், கத்த முடியாது. அப்புறம் வேலை. அப்புறம் வீட்டுல யாராவது படிச்சுக்கிட்டிருப்பாங்க." அவர் ஜன்னல்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்படி இருக்கும்னு தெரியலை."

"பயிற்சியெல்லாம் இல்லண்ணே. வயித்துலேர்ந்து எடுக்கணும். வெக்கத்தைக் கீழ வச்சிடணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். முதலில் வந்தது கொட்டாவி போல் இருந்தது. பாலீஷ் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வவ்வால் சிரிக்கவில்லை.

"அது தொண்டை. இன்னும் கீழ."

இரண்டாம் முறை அவர் கத்தினார். அந்த ஒடிசலான உடம்புக்குள் அது எங்கே இருந்ததோ, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசையில் காயவைத்திருந்த பல் வரிசைகள் லேசாகக் கடகடத்தன. வவ்வாலும் கூடச் சேர்ந்துகொண்டாள். பாலீஷ் அம்மா வாயிலிருந்து கையை எடுத்தார்.

முன்னறையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். "என்ன ஆச்சு? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க," என்றார். "இடைவேளை முடிய இன்னும் நேரம் இருக்கு."